முதுகிலா, முன்னாலா

என் மனைவி ஹருயோவுக்கு உட்காரத் தெரியாது. வீட்டில் அவளுக்கென்று ஒரு திண்டு வாங்கிப் போட்டேன். வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்கிறது. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றபடி சாப்பிடுவாள். போன் வந்தால் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடியே பேசுவாள். காற்று வடக்கிலிருந்தா கிழக்கிலிருந்தா என்று பார்க்க ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதாதா? ஒரு கவளத்துக்கு ஒரு தடவை பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஒசாகாவிலிருந்து எங்கள் யொனாகுனித் தீவுக்கு ஒரு வாரம் கடலில் மூழ்கிப் பார்க்க வந்தவள் அவள். புயல் வந்து விமானம் நின்றுபோனது. புயல் போன பிறகு விமானம் வந்தது, இவள் ஏறவில்லை. காலில் சக்கரம் கட்டின பெண் இவ்வளவு சின்னத் தீவில் எப்படி இத்தனை வருஷம் காலம் தள்ளினாள் என்று அவள் அக்கா இன்னும் கேட்கிறாள். தீவில் எங்கே இருந்தாள்? முக்கால்வாசி நேரம் தண்ணீருக்கு அடியில் அல்லவா இருக்கிறாள்!

எங்கள் பிழைப்பு அதுதான். குபுரா துறைமுகத்தில் எங்கள் படகு நிற்கும். குளிர்காலத்தில் மேற்கு முனைக்கு அப்பால் சுத்தித்தலைச் சுறாக்கள் கூட்டம் கூட்டமாக வரும். அவற்றைப் பார்க்கத்தான் டோக்கியோவிலிருந்தும் நகோயாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவள் அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே போவாள். நான் மேலே படகை ஓட்டுவேன். அங்கே நங்கூரம் போட முடியாது. நீரோட்டம் அவர்களை இழுத்துக்கொண்டு போகும், குமிழ்களைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போக வேண்டும். குமிழ் தெரிகிறவரை எனக்கு உயிர் இருக்கும். அலை எழும்பி குமிழ் மறைந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவேன். அவளுடைய வியாதி அந்த நேரத்தில் எனக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் கீழே அவளுடைய சிலிண்டரில் ஒரு ரப்பர் வளையம் பிய்ந்துவிட்டது. கையளவு வளையம்கூட இல்லை, மோதிரத்தைவிடச் சின்னது. காற்று முழுக்கக் கொட்டிப்போய்விட்டது. மூழ்குகிற எல்லாரிடமும் காற்றை இழுக்கிற வாய்க்குழாய், ரெகுலேட்டர், இரண்டாவதாக ஒன்று தொங்கும், பக்கத்தில் இருக்கிறவருக்குக் காற்று தீர்ந்தால் வாயில் கொடுக்க. அதுவும் அதே சிலிண்டரிலிருந்து வருவதுதான். ஒரே பானை, இரண்டு கரண்டி. ஹருயோவின் பானை காலி. கூட வந்த ஒரு வாத்தியாரின் இரண்டாவது கரண்டியை வாயில் வைத்துக்கொண்டுதான் மேலே வந்து சேர்ந்தாள்.

துறைமுகத்தில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துப் படகுக்காரன் ஒஹாமா அன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன ஹருயோ, இனிமே விருந்தாளிங்கதான் கைடாம், நீ விருந்தாளியாம்? வாத்தியார் கையப் பிடிச்சு இஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி கூட்டிட்டு வந்தாராமே!"

"ஆமா. நல்ல மனுசன். உன் படகுல வந்திருந்தா அவருக்கே யாராவது கை குடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றாள் அவள், வலைக் குவியலைத் தாண்டி நடந்துகொண்டே.

அவளுக்கு அடிபட்டது ரோசம். எனக்கு அடிபட்டது வேறு. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்: "தனியா ஒரு சின்ன சிலிண்டர், அதுக்குத் தனியா ஒரு ரெகுலேட்டர். அது இல்லாம நீ இறங்கினா நான் இன்ஜினைத் தொட மாட்டேன்."

"எங்க வச்சுக்கிறது? தலை மேலயா?"

கேலியாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்விதான் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது.

முதலில் பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி டப்பா வாங்கினாள். தண்ணீர் குடிக்கிற பாட்டில் அளவுதான் இருக்கும். வாயில் வைக்கிற இடமும் அதிலேயே இருக்கிறது. "பாரு, இடுப்புல சொருகிக்கலாம், இருக்கிறதே தெரியாது" என்றாள். குளியல் தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பி, டப்பாவை வாயில் கவ்விக்கொண்டு முங்கினாள். நான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். சமையலறை ரேடியோவில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிவதற்குள் டப்பா முடிந்துவிட்டது. இருமிக்கொண்டு எழுந்தாள்.

"தொட்டியிலேயே இந்த லட்சணம்" என்றேன். "ஆழத்துல போனா இன்னும் சீக்கிரம் தீரும். பயந்தா அதைவிடச் சீக்கிரம்."

"நான் பயப்பட மாட்டேன்."

"நான் பயப்படுவேன்."

டப்பா அலமாரிக்குப் போனது. அடுத்ததாக இஷிகாகித் தீவிலிருந்து கப்பலில் நிஜமான சின்ன சிலிண்டர் வந்தது. முழங்கை நீளம், கனமான சமாச்சாரம். ஆழத்திலிருந்து அவசரப்படாமல் மேலே வருவதற்கு அந்தக் காற்று தாராளமாகப் போதும். இப்போது நிஜமான கேள்வி வந்தது. இதை முதுகில் பெரிய சிலிண்டரோடு சேர்த்துக் கட்டுவதா, இல்லை முன்னால் இடது பக்கம் நெஞ்சிலும் இடுப்பிலும் கொக்கி போட்டுத் தொங்கவிடுவதா?

முதுகில் என்றேன் நான். காரணங்களை அடுக்கினேன். நீரோட்டத்தில் முன்னால் தொங்குவது ஆடும், விலாவில் இடிக்கும். இடது கையால் விருந்தாளிகளை இழுக்கிறாய், அந்தக் கைக்கு அடியில் ஒரு சுமை எதற்கு? பாறையைப் பிடித்துக்கொள்ளும்போது நடுவில் மாட்டும். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஒன்றும் பொய் இல்லை.

ஆனால் என் மனசில் இருந்த காரணம் வேறு. முதுகில் கட்டினதை அவிழ்த்து யாருக்கும் கொடுக்க முடியாது. அதன் குழாய் அவள் வாய்வரைதான் எட்டும். முன்னால் தொங்கினால் இரண்டு கொக்கியைக் கழற்றி அப்படியே ஒருத்தர் கையில் தூக்கிக் கொடுத்துவிடலாம். ஹருயோவை எனக்குத் தெரியாதா? மழையில் போனால் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருகிறவள். முன்னால் மாட்டினால் அந்தக் காற்று அவளுடையதாக இருக்காது. நான் அதை வாங்கியது அவளுக்காக. அவள் ஒருத்திக்காக.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பல் குச்சியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், பிறகு ஜன்னலுக்குக் காற்று பார்க்கப் போனாள்.

முதுகிலேயே கட்டிக்கொண்டாள். சில நாள் ஒழுங்காகப் போனது. எனக்கும் கொஞ்சம் தூக்கம் வந்தது. பிறகு ஒரு காலை, அலை அதிகம், எல்லாரும் படகு ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பின்பக்கமாக விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினால் நீரோட்டம் ஆளுக்கொரு திசையில் கொண்டுபோய்விடும். ஹருயோ ஒவ்வொருத்தர் பட்டையாக இழுத்துப் பார்த்தாள், ஒவ்வொருத்தர் வால்வையும் திருகிப் பார்த்தாள், ஒன்று இரண்டு மூன்று எண்ணினாள், விழுந்தாள். அவளுடையதை யார் பார்ப்பது? பெரியதன் ரெகுலேட்டரும் சின்னதன் ரெகுலேட்டரும் ஒரே கறுப்பு, இரண்டும் ஒரே தோள் வழியாக வருகின்றன. அவசரத்தில் கைக்கு வந்ததை வாயில் வைத்துக்கொண்டாள். அது சின்ன சிலிண்டருடையது.

கீழே சுறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூச்சு இழுக்க இழுக்கக் கனத்ததாம். மீட்டரைப் பார்த்தாளாம். பெரிய சிலிண்டரின் முள் அசையவே இல்லை, நிறைய இருக்கிறது என்கிறது. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தாளாம். அடுத்த இழுப்புக்குக் காற்றே வரவில்லை. அப்போதுதான் உறைத்திருக்கிறது. மற்றதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஆபத்துக்கென்று வைத்திருந்ததை முதலிலேயே குடித்துத் தீர்த்திருந்தாள்.

மேலே வந்து இதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. ஒஹாமா சிரித்தான். படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

"கல்யாணச் சாப்பாட்டை முன்னாடி நாளே சாப்பிட்டு வந்த கதையால்ல இருக்கு! ஏன்டா யசு, ஒண்ணுல மஞ்சள் டேப் சுத்தி விடேன்."

"சுத்தத்தான் போறேன்" என்றேன். "கழுத்துல ரப்பர் மாட்டி அதுல தொங்கவிட்டா இன்னும் நல்லது. தாடைக்குக் கீழயே இருக்கும், மாறவே மாறாது."

"டேப்பும் வேணாம், ரப்பரும் வேணாம்" என்றாள் ஹருயோ. "நாளையிலேருந்து முன்னாலதான்."

"ஒரு தடவை கை தப்பினதுக்கா?"

"அதுக்கில்லை."

"பின்ன எதுக்கு?"

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "கண்ணுக்கு முன்னால இருந்தா மீட்டரைப் பாக்கலாம். வால்வு கைக்கு எட்டும். முதுகுல இருக்கிறது எனக்கே தெரியலை யசு, யாரோ பின்னால நிக்கிற மாதிரி இருக்கு." மறுபடி கயிற்றைச் சுருட்டத் தொடங்கியபடி, "அதோட, முதுகுல இருக்கிறதை எப்படிக் குடுக்கிறது?" என்றாள்.

"யாருக்குக் குடுக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்? கேக்கிறவங்களுக்கு."

மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. பேசினால் என்ன சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவள் தன் பாட்டுக்குக் கூடத்தில் நின்று சின்ன சிலிண்டரை முன்னால் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கழற்றினாள். கனத்த கையுறை போட்டுக்கொண்டு கழற்றினாள். கொக்கி டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பல்வலி மாதிரி இருந்தது.

பிப்ரவரியில் நகோயாவிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா பெயர் குராமோச்சி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். கையில் பெரிய கேமரா. மகள் ரின், ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். அந்தக் காலை படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஹருயோ சிலிண்டரை முன்னால் மாட்டிக்கொண்டாள். அதைப் பார்க்காமல் நான் வேறு பக்கம் திரும்பி இன்ஜினைக் கிளப்பினேன்.

குதித்தார்கள். மூன்று குமிழ்க் கொத்தும் ஒன்றாகவே போயின. காற்று வடக்கிலிருந்து நல்ல வேகம், அலையின் தலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினேன், குடிக்கவில்லை. ஒரு கொத்து பின்தங்கியது. குராமோச்சி படம் எடுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு முனைக்கு அருகே தண்ணீரின் மேற்பரப்பு வழவழவென்று மாறியது. அது என்னவென்று இந்தத் தீவில் படகு ஓட்டுகிற எவனுக்கும் தெரியும். அங்கே நீரோட்டம் கீழ்நோக்கி இழுக்கிறது. குமிழே வராது.

நடந்தேன். முன்னுக்குப் போனேன், பின்னுக்கு வந்தேன். இன்ஜினை முடுக்கவும் முடியாது, சுழலிக்கு அடியில் அவர்கள் இருந்தால்? சும்மா நிற்கவும் முடியாது, படகு தள்ளிக்கொண்டு போகிறது. கத்தலாம், யாருக்குக் கேட்கும்?

பின்பக்கம் ஒரு தலை எழும்பியது. குராமோச்சி. படகைக் கொண்டுபோய் அவர் பட்டையைப் பிடித்து ஏணிக்கு இழுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவர் குழந்தையைக் கட்டிப்பிடித்திருப்பது போல நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தது எங்கள் சின்ன சிலிண்டர். வாயில் அதன் ரெகுலேட்டர்.

அவரைத் தூக்கிப் படகுக்குள் போட்டேன்.

"ஹருயோ எங்க?"

ரெகுலேட்டரைத் துப்பினார். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "என் காத்து... தீந்துடுச்சு. சுறா பின்னாடியே போயிட்டேன், மீட்டர் பாக்கலை. இதைக் கழட்டிக் குடுத்தாங்க. மேல போன்னு கையைக் காட்டினாங்க. ரின்... ரின் கீழ போயிட்டா. இழுத்துட்டுப் போயிருச்சு. அவங்க அவ பின்னாடி போனாங்க."

சிலிண்டரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மீட்டரைப் பார்த்தேன். இன்னும் பாதி இருந்தது. அவருக்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. அந்தப் பாதி கீழே அவளிடம் இருக்க வேண்டியது. அது என் படகில் என் கையில் இருக்கிறது, அவள் அது இல்லாமல் ஆழத்தில் இருக்கிறாள். என் வாழ்க்கையில் நான் யாரையும் அந்த மனுசனை வெறுத்த மாதிரி வெறுத்ததில்லை. அவர் படகு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மகள் பெயரைத் தண்ணீரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கமே வரவில்லை.

ஒஹாமாவை ரேடியோவில் கூப்பிட்டேன். வழக்கமாக நாலு வார்த்தை கேலி இல்லாமல் பேசாதவன், "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டான்.

வழவழப்பான தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவனுடைய படகும் வந்தது. கீழ்நோக்கி இழுக்கிற நீரோட்டம் முனையைத் தாண்டிப் போனால் விட்டுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை மூச்சு வேண்டும், அதுதான். இரண்டு பேருக்கு, பயந்த இரண்டு பேருக்கு, ஒரு பானையில் எவ்வளவு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை.

ஒஹாமாதான் முதலில் பார்த்தான். "யசு! தெக்கால! பலூன்!"

மூழ்குகிறவர்கள் தங்கள் இடத்தைக் காட்ட ஊதிவிடுகிற நீளமான ஆரஞ்சு பலூன் தூரத்தில் அலைக்கு மேல் நின்றது. அதன் பக்கத்தில் ஒரு தலை. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினேன். மறுபடி எண்ணினேன், இரண்டுதான் என்றாலும்.

ரினை முதலில் ஏற்றினோம். அப்பாவைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஹருயோ ஏணியில் ஏறும்போது கால் தடுமாறியது. மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம். அவளுடைய மீட்டர் முள் அடியில் படுத்திருந்தது. ரினுக்குக் காற்று இருந்திருக்கிறது, ஆனால் பயத்தில் கையும் காலும் ஓடாமல் கீழே போய்க்கொண்டே இருந்தாளாம். அவளைப் பிடித்து, பாறையோடு ஒட்டிக்கொண்டு, கையால் பற்றிப் பற்றி முனையைத் தாண்டும்வரை ஊர்ந்திருக்கிறார்கள்.

"டீ இருக்கா?" என்றாள் ஹருயோ. சிரித்தாள்.

ஆக்சிஜன் முகமூடியை எடுத்து அவள் முகத்தில் வைத்தேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"முதுகுல கட்டுன்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

முகமூடியை விலக்கினாள். "முதுகுல இருந்திருந்தா இவருக்கு என் ரெகுலேட்டரைக் குடுத்துட்டு இவரோடவே ஒட்டிக்கிட்டு மேல வந்திருக்கணும். அந்தப் பொண்ணு பின்னாடி யாரு போயிருப்பா? நான் இவரோட வந்திருப்பேன் யசு. அவ வந்திருக்க மாட்டா."

"அதைத்தான் நான் கேட்டேன்!" என்று கத்தினேன். "நீ வரணும். எனக்கு அது போதும். மத்தது எனக்கு வேணாம்!"

சொன்ன பிறகுதான் அப்பாவும் மகளும் எங்களுக்கு எதிரே ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்ல வரவில்லை. பொய்யில்லையே.

குராமோச்சிதான் பேசினார். குனிந்து, படகுத் தரையைப் பார்த்தபடி பேசினார். "கேப்டன், நான் உங்க வீட்டுக்காரம்மாவை நெனைக்கவே இல்லை. அந்தச் சிலிண்டரைக் கட்டிப்பிடிச்சுட்டு மேல வரும்போது என் பொண்ணு, என் பொண்ணுன்னுதான் மனசுல ஓடிச்சு. அவங்க திரும்பி வருவாங்களான்னுகூட எனக்குத் தோணலை."

துறைமுகம் வரும்வரை ஒஹாமா தன் படகை எங்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தான்.

சுகாதார நிலைய டாக்டர் அவளைக் கொஞ்ச நாள் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்றார். வீட்டில் ஒரு புலியைக் கட்டிவைத்த மாதிரி இருந்தது. அலமாரியைப் பிரித்து அடுக்கினாள், பிறகு வேறு மாதிரி அடுக்கினாள். ஒரு மத்தியானம் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"நீ படகுல கத்தினதை நான் மறக்க மாட்டேன்."

"கோவமா?"

"இல்லை. இவ்வளவு வருசத்துல நீ எனக்குச் சொன்னதுலயே அதுதான் நல்ல வார்த்தை." கத்தி நின்றது. "ஆனா அதுபடி நடக்க என்னால முடியாது. என் வார்ப்பே வேற."

எழுந்துபோய்க் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

மறுபடி தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று காலை புது விருந்தாளிகள் வந்தார்கள். மேற்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழக்கம்போல ஒவ்வொருத்தர் பட்டையையும் ஒவ்வொருத்தர் வால்வையும் பார்த்து முடித்தாள். பெரிய சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, சின்னதை எடுக்கக் குனிந்தாள். நான் இன்ஜினை அப்படியே ஓடவிட்டுவிட்டு வந்து, சின்ன சிலிண்டரை அவள் கையிலிருந்து வாங்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெரிய சிலிண்டரின் வால்வைத் திருகிப் பார்த்தேன். அவள் வாயில் இருப்பது எதன் ரெகுலேட்டர் என்று பார்த்தேன். பிறகு சின்னதை அவளுக்கு முன்னால், இடது பக்கம் வைத்து, இடுப்பு வளையத்தில் கீழ்க் கொக்கியை மாட்டினேன். நெஞ்சில் மேல் கொக்கியை மாட்டிப் பட்டையை இழுத்து இறுக்கினேன்.

வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்தாள்.

"இவ்வளவு இறுக்கினா கையுறையோட கழட்ட வராது, யசு."

தெரியும். விருந்தாளிகள் அவள் எண்ணுவதற்காகக் காத்திருந்தார்கள். குனிந்து, பட்டையைத் தளர்த்திவிட்டேன்.